1945-ல் ஜெர்மனியிலிருந்து வந்த லூகர் பி.08: எப்படி அடையாளம் காண்பது, என்ன விலை பெறும்?

கொலம்பஸ்_குமரன்
வணக்கம். என் மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். அவர் உயிலின்படி மனைவிக்கு வந்த பொருட்களில் ஒரு லூகர் பிஸ்டல் இருக்கிறது. ஒஹாயோவில் வசிக்கிறோம், தாத்தாவும் இதே மாநிலம்தான். வெளியே தெரிகிற விவரங்களை எழுதுகிறேன். மேலே மடங்கி நிமிரும் பாகத்தில் 42 என்று பொறித்திருக்கிறது. அதற்கு முன்னால், குழல் தொடங்கும் இடத்தின் மேல் 1940. ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பகுதி) முன்பக்கம் 3764. வலப்பக்கம் மூன்று சிறிய கழுகு முத்திரைகள். மரக் கைப்பிடி. எல்லாம் கருநீலமாக இருக்க, ட்ரிக்கரும் இடப்பக்கம் உள்ள ஒரு சிறு நெம்புகோலும் மட்டும் பொன்பழுப்பு நிறம். கூடவே தோல் உறை, அதற்குள் ஒரு சின்ன இரும்புக் கருவி, நாலாக மடித்த ஒரு தாள்.

இது 1940-ல் செய்ததா, 1942-ல் செய்ததா? விலை எவ்வளவு இருக்கும்? ஆங்காங்கே துருப்புள்ளி இருக்கிறது, பாலிஷ் போட்டுவிட்டுப் படம் எடுக்கலாமா?

டாகிள்தச்சன்
பாலிஷ் வேண்டாம். துணியால்கூட அழுத்தித் தேய்க்காதீர்கள். இந்தப் பொருளின் விலையில் பெரும்பங்கு அந்தப் பழைய மேற்பூச்சில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எண்பது வருடம் பெட்டியில் கிடந்த பிஸ்டல் காலியாக இருக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை ட்ரிக்கரிலிருந்து விலக்கி, இடப்பக்கம் ட்ரிக்கருக்குப் பின்னால் உள்ள பொத்தானை அழுத்தி மேகஸினை (பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி) வெளியே எடுங்கள். பிறகு டாகிளின் (நீங்கள் சொன்ன மேலே மடங்கி நிமிரும் பாகம்) இருபக்கக் குமிழ்களையும் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். மேகஸின் இல்லாதபோது டாகிள் திறந்தபடி நிற்காது, கையால் பிடித்துக்கொண்டே குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்ததோடு விடாமல் சுண்டு விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். அறைக்குள் தோட்டா இருந்தால், மேலே உள்ள எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி) லேசாக எழும்பி நிற்கும். அதன் இடப்பக்கம் ஜெர்மன் மொழியில் 'கெலாடன்' என்ற சொல் தெரியும், 'ஏற்றப்பட்டது' என்று பொருள். ஆனால் துருவேறி எக்ஸ்ட்ராக்டர் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

லூகரில் உள்ள ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். குழலும் டாகிளும் சேர்ந்த மேற்பகுதியை ஃபிரேமிலிருந்து கழற்றிய பிறகும் அது சுடும். இடப்பக்கம் உள்ள நீள சியர் பட்டையை (சுடும் ஊசியைப் பிடித்து வைத்து விடுவிப்பது) அழுத்தினால் போதும், ட்ரிக்கரே தேவையில்லை. அறையில் தோட்டா இருக்கும்போது கழற்றியவர்களுக்கு இப்படித்தான் விபத்து நேர்ந்திருக்கிறது.

சட்டப்பலகை
விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. குமரன், நீங்கள் குடிமகனா, கிரீன் கார்டா, எச்-1பி விசாவா? மனைவி?

கொலம்பஸ்_குமரன்
மனைவி இங்கே பிறந்தவர், குடிமகள். நான் எச்-1பி.

சட்டப்பலகை
அப்படியானால் இந்த இழையை மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 922-ன்படி நான்-இமிகிரன்ட் விசாவில் (எச்-1பி அதில் ஒன்று) இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. அது இல்லையென்றால், சொந்தம் மனைவி பேரில் இருந்தாலும் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் அதையே உடைமை என்று வாதிட முடியும். பெட்டகத்தில் வையுங்கள், சாவியும் எண்ணும் மனைவியிடம் மட்டும் இருக்கட்டும். கழற்றுவது, துடைப்பது, மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோவது எல்லாம் அவரே செய்யட்டும். நீங்கள் படம் எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அது போதும். கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தத் தடை நீங்கும்.

மனைவிக்குச் சிக்கல் இல்லை. பொதுவாக வேறு மாநிலத்தவரிடமிருந்து கைத்துப்பாக்கி பெறுவதானால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வர வேண்டும். உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ வருவதற்கு மட்டும் கூட்டாட்சிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. உங்களுக்கு ஒரே மாநிலம், இன்னும் எளிது. ஒஹாயோவில் கைத்துப்பாக்கிப் பதிவேடு கிடையாது. படிக்கிற மற்றவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் பிஸ்டல் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இறந்தவரின் பொருட்களை நிர்வகிப்பவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குள் சட்டப்படி கைமாற்ற வேண்டும், இல்லையென்றால் போலீசில் ஒப்படைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் வாரிசு 30 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டும்.

உயிலின் நகலையும் மரணச் சான்றிதழ் நகலையும் பிஸ்டலின் கோப்பிலேயே போட்டு வையுங்கள். இறந்த தேதியில் சந்தை மதிப்பு என்ன என்று எழுத்தில் ஒரு மதிப்பீடும் வாங்குங்கள். பின்னால் விற்றால் வரிக் கணக்கில் அடக்க விலையாக நிற்பது அந்தத் தொகைதான்.

நெக்கர்கரை
இப்போது அடையாளம். 42 என்பது வருடம் இல்லை, அது தொழிற்சாலைக் குறியீடு. நெக்கர் ஆற்றங்கரையில் ஓபெர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் ஆலையைக் குறிக்கிறது. வருடம் தோட்டா அறையின் மேலுள்ள 1940-தான். இந்த 42-ஐப் பார்த்து 1942 என்று பட்டியலிட்டு விற்பவர்களே இருக்கிறார்கள்.

பி.08-ஐ ஜெர்மன் தரைப்படை 1908-ல் ஏற்றது. பெயரிலுள்ள 08 அதுதான். 1930-ல், அதுவரை லூகர் செய்துவந்த பெர்லினின் டி.டபிள்யூ.எம். ஆலையிலிருந்து எந்திரங்கள் மவுசருக்கு மாறின. மவுசரின் ராணுவ லூகர்களில் 1934-ல் கே, 1935-ல் ஜி என்று வருடத்துக்குப் பதில் ஓர் எழுத்து, டாகிளில் எஸ்/42. 1936 முதல் நாலு இலக்க வருடம். 1939-ல் எஸ்/42 சுருங்கி வெறும் 42 ஆனது. 1941-ல் அதுவும் போய் பி-ஒய்-எஃப் என்ற மூன்று சிறிய எழுத்துகள் வந்தன. 1942-ல் ராணுவத்துக்கான லூகர் உற்பத்தியை நிறுத்தி மவுசர் வால்தர் பி.38 பிஸ்டலுக்கு மாறியது. ஆக உங்களுடையது 42 குறியீட்டின் நடுக்காலத்தது, அரிதானது இல்லை.

வலப்பக்க முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரண்டு கழுகுகளின் கீழே எண் இருக்கும், 1940-க்கு 655 வர வேண்டும். அவை ராணுவ ஆய்வாளர் முத்திரைகள். மூன்றாவது, எண் இல்லாத கழுகும் ஸ்வஸ்திகாவும், அதிக அழுத்தத் தோட்டா சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை. அதே சோதனை முத்திரை குழலிலும் இருக்க வேண்டும். ரிசீவரில் (குழல் திருகியிருக்கும் பாகம்) மட்டும் முத்திரை இருக்க, குழலில் இல்லையென்றால் குழலை மாற்றியிருக்கிறார்கள்.

சீரியல் நம்பரை நீங்கள் பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள். 3764-க்குக் கீழே ஒரு சிறிய எழுத்து இருக்கும், பழைய ஜெர்மன் கையெழுத்துச் சாயலில். வருடத் தொடக்கத்தில் 1-லிருந்து ஆரம்பித்துப் பத்தாயிரம் ஆனதும் ஏ, அடுத்த பத்தாயிரத்துக்கு பி என்று போகும். வருடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. எனவே 1940-ல் மட்டுமே 3764 என்ற பிஸ்டல்கள் பத்துக்கு மேல் இருக்கும். எழுத்து இல்லாத சீரியல் நம்பரை வைத்து எதையும் தேட முடியாது.

கொலம்பஸ்_குமரன்
நன்றி. மனைவி சரிபார்த்துவிட்டார், பிஸ்டல் காலி. கீழே எழுத்து இருக்கிறது, எச். வலப்பக்கம் 655 தெளிவாகத் தெரிகிறது, குழலிலும் கழுகு இருக்கிறது. குழலின் அடியில் 3764-ம் எச்-சும் இருக்கின்றன, பக்கத்தில் 8,82 என்றும் போட்டிருக்கிறது. இது வேறு சீரியலா?

நெக்கர்கரை
இல்லை. அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். தொழிற்சாலையில் அளந்து பொறித்தது. அது இருப்பது நல்லது, அசல் குழல் என்பதற்கு இன்னொரு சாட்சி.

டாகிள்தச்சன்
அடுத்தது சிறு பாகங்கள். ராணுவ லூகரில் சீரியலின் கடைசி இரண்டு இலக்கம், உங்களுக்கு 64, ஏறக்குறைய எல்லாப் பாகத்திலும் இருக்க வேண்டும். டாகிளின் நடு இணைப்பு, பின்பக்க இணைப்பு, பின்முனை ஆணி, பிரீச் பிளாக் (அறையின் பின்பக்கத்தை மூடும் கட்டை), எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் (சுடும் ஊசி), சியர் பட்டை, பக்கத் தகடு, கழற்றும் நெம்புகோல், ட்ரிக்கர், சேஃப்டி நெம்புகோல், அதன் உள்பட்டை, எஜெக்டர் (வெற்றுக் கூட்டை வெளியே தள்ளுவது), ஹோல்ட்-ஓபன் (டாகிளைத் திறந்தபடி நிறுத்துவது), மரப் பிடிகளின் உள்பக்கம். பாதிக்கு மேல் கழற்றாமலே தெரியும்.

கழற்றும் முறை இது. காலி என்று மறுபடி பார்த்துவிட்டுக் குழலின் முனையை உள்ளங்கையால் ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னுக்குத் தள்ளிப் பிடியுங்கள். இடப்பக்கம் ட்ரிக்கருக்கு மேல் முன்னால் உள்ள நெம்புகோலைக் கீழ்நோக்கிக் கால் வட்டம் திருப்புங்கள். நீங்கள் பொன்பழுப்பு என்று சொன்னது இதுதான். பக்கத் தகடு கையோடு வந்துவிடும். மேற்பகுதி முழுவதும் முன்பக்கமாகச் சறுக்கி வெளிவரும். பக்கத் தகடு போனபின் ட்ரிக்கர் கழன்று விழும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பலர் தடுமாறுவது ஒரே இடத்தில். டாகிளின் பின்னால் தொங்கும் சிறு கொக்கி, ஃபிரேமுக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் நெம்புகோலின் முன்னால் போய் விழ வேண்டும். பிஸ்டலைத் தலைகீழாகப் பிடித்து மேற்பகுதியைச் சறுக்கினால் அது தானாக இடத்துக்கு வரும். மாட்டியபின் டாகிளை இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பே இல்லாமல் தளர்வாக வந்தால் கொக்கி மாட்டவில்லை, மறுபடி கழற்றுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள்.

மரப் பிடிகளை அவசியமில்லாமல் தொட வேண்டாம். இடப் பிடியின் மேல்முனை சேஃப்டி நெம்புகோலை ஒட்டி மெல்லியதாக இருக்கும். நேராகத் தூக்கினால் அந்தச் சில்லு உடைந்துவிடும், சந்தையில் பல லூகர்களில் அந்தச் சில்லு இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் திருகைக் கழற்றிக் கீழ்முனையை முதலில் தூக்கிக் கீழ்நோக்கி இழுங்கள். திருகுப் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும், பக்கம் இணையாகச் சீவிய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஆப்புபோல் மெலிந்த முனை வழுக்கித் திருகின் தலையைக் கடித்துவிடும்.

பொன்பழுப்பு பற்றி ஒரு கேள்வி. 1937-ன் நடுப்பகுதி வரை மவுசர் ட்ரிக்கர், கழற்றும் நெம்புகோல், சேஃப்டி, எஜெக்டர், மேகஸின் பொத்தான் ஆகியவற்றைச் சூடேற்றிப் பொன்னிறமாக்கி, மற்ற பாகங்களைத் துரு ப்ளூயிங் முறையில் கருநீலமாக்கியது. அதன்பின் உப்புக் குளியல் ப்ளூயிங், எல்லாப் பாகமும் ஒரே கருநீலம். 1940 லூகரில் பொன்னிறப் பாகம் இருக்கக் கூடாது. இரண்டு வாய்ப்புதான். யாரோ பின்னால் அழகு பார்க்க மறுபூச்சு செய்திருக்கலாம். அல்லது அந்தப் பாகங்கள் வேறு பழைய லூகரிலிருந்து வந்திருக்கலாம். எண்ணைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பொன்னிறப் பாகத்தில் 64 இருந்தால் மறுபூச்சு, அது கெட்ட செய்தி. வேறு எண் இருந்தால் பாகம் மாறியிருக்கிறது, அது அவ்வளவு மோசமில்லை.

துருவாஸ்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். துருப்புள்ளிக்குக் கடையில் விற்கும் கோல்ட் ப்ளூ (சூடேற்றாமல் தடவும் கருநீலப் பூச்சு) திரவம் கொஞ்சம் தொட்டால் மறைந்துவிடுமே, விற்கும்போது நன்றாக இருக்கும்.

மெழுகுத்திரி
வேண்டவே வேண்டாம். கோல்ட் ப்ளூ திட்டு வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும், மோந்து பார்த்தாலே சிலருக்குப் பிடிபடும். வாங்க வருபவர் ஒரு திட்டைப் பார்த்தால் மிச்ச இடத்தையும் சந்தேகிப்பார். நேர்மையான துருப்புள்ளிக்குக் குறைவது சிறு தொகை, தொட்ட பூச்சுக்குக் குறைவது பெரும் தொகை.

செய்யக்கூடியது இவ்வளவுதான். சுத்தமான மெல்லிய துப்பாக்கி எண்ணெயைப் புள்ளிமேல் தடவி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பருத்தித் துணியால் துடையுங்கள். செந்துரு இன்னும் எழும்பி நின்றால் எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய வெண்கலக் கம்பளியை விரல் நுனி அளவு எடுத்து, அழுத்தமே இல்லாமல் அந்தப் புள்ளியில் மட்டும். இரும்புக் கம்பளி, எமரி தாள், பல் பசை, வினிகர், துருநீக்கித் திரவம் எதுவும் கூடாது. துருநீக்கி முதலில் கரைப்பது ப்ளூயிங்கைத்தான், ஏனென்றால் ப்ளூயிங்கே ஒரு வகை இரும்பு ஆக்சைடு. கடைசியில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிய பூச்சாக, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு. வெறுங்கை வியர்வையின் உப்பு ஒரே வாரத்தில் கைரேகையைத் துருவாகப் பதித்துவிடும்.

பிஸ்டலை உறைக்குள் வைக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் அது இழுத்து வைக்கும் ஈரமும் இரும்பைத் தின்னும். உறைக்கு எண்ணெயோ கிரீமோ போட வேண்டாம். தையல் நூல் அழுகி, தோல் கறுத்துத் தொய்ந்துவிடும். அமிலமற்ற தாளை உள்ளே அடைத்து, வடிவம் மாறாமல் தனியாக வையுங்கள். உறையின் பின்புறம் செய்த நிறுவனம், ஊர், வருடம், கழுகு முத்திரை அழுத்தியிருக்கும், பக்க வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

கொலம்பஸ்_குமரன்
மனைவி கழற்றிப் பார்த்தார். பொன்னிற ட்ரிக்கரில் 12, பொன்னிற நெம்புகோலில் 12. பக்கத் தகடு கருநீலம்தான், ஆனால் அதிலும் 12. டாகிள் பாகங்கள், பிரீச் பிளாக், எக்ஸ்ட்ராக்டர், சியர், சேஃப்டி, எஜெக்டர் எல்லாம் 64. பிடிகளைக் கழற்றவில்லை. மேகஸினின் அலுமினிய அடியில் 3764, எச், ஒரு பிளஸ் குறி.

டாகிள்தச்சன்
மிக நல்ல செய்தி. கதை தெளிவாகத் தெரிகிறது. மாறியவை பக்கத் தகடு, ட்ரிக்கர், நெம்புகோல். மூன்றும் 12. அதாவது 1937 நடுப்பகுதிக்கு முந்திய, 12-ல் முடியும் வேறொரு லூகரும் உங்களுடையதும் ஒரே மேசையில் கழற்றித் துடைக்கப்பட்டு, மாட்டும்போது இந்த மூன்றும் இடம் மாறிவிட்டன. போர் முடிவில் ஒரே படைப்பிரிவில் பலரிடம் லூகர் இருந்தது, இப்படி மாறியவை நிறைய. மேற்பூச்சு மறுபூச்சு இல்லை என்பதற்கும் இதுவே ஆதாரம். மறுபூச்சு செய்தவர் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருப்பார், அல்லது 64 போட்ட பாகங்களில் சிலதையும் பொன்னிறமாக்கியிருப்பார்.

பக்கத் தகட்டுக்குள் ட்ரிக்கர் அசைவைச் சியருக்குக் கடத்தும் சிறு நெம்பு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு பிஸ்டலுக்கும் கையால் உரசிப் பொருத்தியது. வேறு தகடு போட்டால் ட்ரிக்கர் கனமாகும், சில நேரம் சியரே விடுபடாது. குறை இருந்தால் அப்படியே விடுங்கள், உரசித் திருத்த வேண்டாம்.

நெக்கர்கரை
மேகஸின் பற்றி. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் இரண்டு மேகஸின் கொடுப்பார்கள், இரண்டிலும் சீரியல் அடித்து, இரண்டாவதில் பிளஸ் குறி சேர்ப்பார்கள். உங்களிடம் இருப்பது அந்த இரண்டாவது. பெரும்பாலான லூகர்கள் சொந்த மேகஸினைத் தொலைத்துவிட்டன. அலுமினிய அடி மென்மையானது, சீரியலை அழித்துப் புதிதாக அடிப்பதும் எளிது. விற்கும்போது யாராவது சந்தேகப்பட்டால் அடியைப் பக்க வெளிச்சத்தில் காட்டுங்கள். அழித்து அடித்திருந்தால் அந்த இடம் சற்றே குழிந்து ஒளி வளையும். ஃபிரேமிலும் பாகங்களிலும் இதே சோதனைதான். எண்ணைச் சுற்றி உலோகம் தட்டையாக, ஓரங்கள் கூர்மையாக, இலக்க வடிவம் ஃபிரேம் முன்பக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

மற்றொன்றும் பாருங்கள். குழலின் அடியிலோ ஃபிரேமிலோ மிகச் சிறிய எழுத்தில் ஆங்கில நிறுவனப் பெயரும் ஊரும் இருக்கிறதா? 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் இறக்குமதியானவற்றில் அது கட்டாயம். ரிசீவரில் எக்ஸ் வடிவக் குறி, கறுப்புத் தார் போன்ற தடித்த ப்ளூயிங், மின்பேனாவால் கிறுக்கிய எண்கள் இருந்தால் சோவியத் கைப்பற்றி மறுசீரமைத்தது. வட்டத்துக்குள் வட்டமாகக் குறி போட்ட கறுப்பு பிளாஸ்டிக் பிடி, 2/1001 என்ற மேகஸின் என்றால் கிழக்கு ஜெர்மன் மக்கள் காவல்படையின் மறுசீரமைப்பு. இரண்டிலும் அமெரிக்க வீரர் நேரடியாகக் கொண்டுவந்தது என்ற கதை நிற்காது.

கொலம்பஸ்_குமரன்
இறக்குமதிக் குறி எதுவும் இல்லை, எக்ஸ் இல்லை. தாளைப் பிரித்தோம். தட்டச்சு செய்த படிவம், 1945 தேதி, ஓர் அதிகாரியின் கையெழுத்து, 'லூகர் பிஸ்டல் 1, எண் 3764' என்று இருக்கிறது. எச் இல்லை.

ஏடுதேடி
அந்தத் தாள்தான் இந்தத் தொகுப்பில் எளிதில் தொலையக்கூடியது. மறுபடி மடிக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். தட்டையாக, அமிலமற்ற உறையில், வெயில் படாமல். லேமினேட் செய்யவே கூடாது, டேப் ஒட்டவும் கூடாது.

மேல் மூலையில் ஏ.ஜி. யூஸ்ஃபெட் (ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் தலைமை) படிவம் 33 என்று இருக்கிறதா பாருங்கள். போர் நினைவுப் பொருளை வீரர் சொந்தமாக வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சான்று அது. போர்த்துறையின் 1944 மே 28 தேதியிட்ட 155-ஆம் சுற்றறிக்கையைச் சுட்டியிருக்கும். நாலு இலக்கத்தை மட்டும் எழுதி எழுத்தை விட்டுவிடுவது சாதாரணம், குமாஸ்தாவுக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரியாது. எண் இல்லாமல் 'பிஸ்டல் ஒன்று' என்று மட்டும் உள்ள தாள்களும் உண்டு, அவை எந்தத் துப்பாக்கியோடும் சேர்க்கப்படலாம் என்பதால் மதிப்புக் குறைவு. உங்களுடையதில் எண் இருக்கிறது.

இனி தாத்தாவின் சேவைப் பதிவு. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு எஸ்.எஃப்.-180 படிவம் அனுப்புங்கள். விலகி 62 வருடம் கடந்தவர்களின் கோப்பு பொது ஆவணமாகிவிடும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் 1973 ஜூலை 12 தீ விபத்தில், 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதம் அழிந்தது. 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். கடைசிச் சம்பள வவுச்சர் கேளுங்கள், அது வேறிடத்தில் இருந்ததால் தப்பியது. படைப்பிரிவு தெரிந்தால் அதன் தினசரிக் காலை அறிக்கைகளில் யார் வந்தார், போனார், மருத்துவமனை சேர்ந்தார் என்று பெயரோடு இருக்கும்.

அதற்கும் முன் வீட்டிலேயே தேடுங்கள். விலகும்போது தந்த 53-55 என்ற இருபக்கப் படிவத்தில் படைப்பிரிவு, பங்கேற்ற போர்கள், ஐரோப்பா போய்ச் சேர்ந்த தேதி, கிளம்பிய தேதி எல்லாம் உண்டு. வீட்டில் இல்லையென்றால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகம், பலர் ஊர் திரும்பியதும் அங்கே பதிந்து வைத்தார்கள். சான்றிதழின் தேதியும் கையெழுத்திட்டவரின் படைப்பிரிவும் இதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அவர் கப்பலேறிய பிறகான தேதி சான்றிதழில் இருந்தால் கேள்வி எழும்.

பிஸ்டல் எந்த ஜெர்மன் படைக்குப் போனது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோல்ட் நிறுவனம் தன் பழைய துப்பாக்கிகளுக்கு ஆவணக் கடிதம் தருவதுபோல மவுசரின் ராணுவ லூகருக்கு எதுவும் கிடைக்காது. 'எஸ்.எஸ். அதிகாரியிடமிருந்து பிடித்தது' என்று குடும்பத்தில் சொல்லியிருந்தால், சொன்னவர் பெயரோடு தனித்தாளில் எழுதி வையுங்கள். ஆவணமாக விற்காதீர்கள். லூகர் அதிகாரிகளுக்கு மட்டும் தந்ததும் அல்ல, எந்திரத் துப்பாக்கி இயக்கியவர், சார்ஜென்ட்கள் கையிலும் இருந்தது.

ஏலமணி
விலைக்கு வருகிறேன். இது என் கணிப்பு, நேரில் பார்த்த மதிப்பீடு இல்லை. எல்லா எண்ணும் பொருந்தி, அசல் ப்ளூயிங் 90 சதத்துக்கு மேல் நிற்கும் 42/1940 லூகர் 1800 முதல் 2500 டாலர். பாகங்கள் கலந்து சுடுவதற்கென்று வாங்கப்படுபவை 1000-லிருந்து 1400. நிக்கல் பூசியது, மறு ப்ளூயிங் ஆனது அதற்கும் கீழே. போர் முடிந்து வந்த வீரர்கள் பலர் பளபளப்புக்காக நிக்கல் பூசினார்கள், அதை நீக்கினாலும் அசல் திரும்பாது.

உங்களுடையதில் மூன்று பாகம் மாறியிருக்கிறது, ஆனால் குழல், ரிசீவர், ஃபிரேம், டாகிள் எல்லாம் சொந்தம். பிஸ்டல் மட்டும் 1500-ஐ ஒட்டி. பொருந்திய மேகஸினுக்கு இருநூறு முந்நூறு கூடும். நல்ல உறைக்கும் கருவிக்கும் தனித்தனி விலை உண்டு. கருவியில் கழுகு முத்திரை இருக்கிறதா பாருங்கள், புதிதாகச் செய்தவை ஏராளம். எண் போட்ட சான்றிதழுக்கு எவ்வளவு கூடும் என்பது ஏலத்தில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒன்றாகவே விற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உறையைத் தனியாக விற்றுவிட்டால் பிறகு யாராலும் சேர்க்க முடியாது.

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த ஏலங்களில் விற்ற விலையைப் பாருங்கள். அதே குறியீடு, அதே வருடம், அதே நிலை. ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் கமிஷன் எடுக்கும், விற்பவரிடமும் எடுக்கும், கையில் வருவது வேறு தொகை. டீலர் கடையில் உடனே பணம் வேண்டுமென்றால் விற்பனை விலையில் பாதி, அறுபது சதம்தான் சொல்வார், அவருக்கு அதுதான் பிழைப்பு. ஆகவே மதிப்பிடுபவரும் வாங்குபவரும் ஒருவராக இருக்க வேண்டாம்.

12 என்று எண் போட்ட பாகங்களைத் தூக்கிப்போட்டு 64 போட்ட பாகங்களைத் தேடி வாங்குவதோ, எண்ணைத் திருத்துவதோ வேண்டாம். 'மூன்று பாகம் 12' என்று விளம்பரத்தில் நீங்களே எழுதுங்கள். மறைத்து விற்றதைத் திருப்பி அனுப்புவார்கள்.

டாகிள்தச்சன்
யாராவது சுட்டுப் பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எக்ஸ்ட்ராக்டரும் ஃபயரிங் பின்னும் எண் போட்டவை, ஒன்று உடைந்தால் அதற்கு மாற்றே இல்லை. உறையோடு ஒரு மரத் தோள்கட்டை கிடைத்தாலும் பின்னால் உள்ள காடியில் மாட்டிப் பார்க்கக் கூடாது. தோள்கட்டை மாட்டினால் 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய குறுங்குழல் ரைஃபிளாகிவிடும். சில அசல் கடற்படை, பீரங்கிப்படை லூகர்களுக்குத்தான் விலக்கு.

வைகைக்கரை
இதே கேள்வி மதுரையிலிருந்து. தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர், வெப்லி .38 ரிவால்வர் உரிமத்தோடு இருந்தது. இப்போது அவர் இல்லை. அமெரிக்க விலை பொருந்துமா?

சட்டப்பலகை
பொருந்தாது, முதலில் விலையை மறந்துவிடுங்கள். உரிமம் அவர் பெயருக்கானது, அவரோடு முடிந்தது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21-ன்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசாக, உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பம். ராணுவ .380, .455 விளிம்புத் தோட்டாவை ஏற்கும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன, அவற்றுக்கு மத்திய அரசின் அனுமதி தேவை. பழைய உரிமத்தில் எந்த வகை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. வாரிசுகளில் ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் விண்ணப்பிக்க முடியாது. மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தையும் முன்பே வாங்கி வையுங்கள்.

கொலம்பஸ்_குமரன்
எல்லோருக்கும் நன்றி. மூலையில் படிவம் 33 என்று இருக்கிறது. மனைவி விற்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். எஸ்.எஃப்.-180 இந்த வாரம் போகிறது. பெட்டகத்தின் எண் அவரிடம் மட்டும்.

ஏடுதேடி
நல்ல முடிவு. சான்றிதழின் இரு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் எடுத்து, கையெழுத்திட்ட அதிகாரியின் பெயர், பதவி, படைப்பிரிவை அப்படியே தட்டச்சு செய்துகொள்ளுங்கள். தாத்தாவின் ராணுவ எண்ணும் அதில் இருந்தால் எஸ்.எஃப்.-180-ல் அதைக் கட்டாயம் சேருங்கள், ஒரே பெயரில் பலர் இருக்கும்போது கோப்பைப் பிரித்தறிய அதுதான் வழி. பென்சில் குறிப்பு ஏதும் பின்பக்கம் இருந்தால் அழிக்காதீர்கள், சாய்ந்த வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள்.